ஜெயித்தால் திங்கட்கிழமை லீவு

இருபத்தெட்டு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் வாண்டுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. அங்கே முதலாளி மட்டும் மரியாதையாக 'அம்மா' போட்டுப் பேசுவார், அதுவும் சம்பள உயர்வு கேட்காத நாட்களில். அவள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் சரக்குக் கப்பலில் மெக்கானிக். ஒன்பது மாதம் கடல், ஒரு மாதம் கரை. அந்த ஒரு மாதத்திலும் சில நாள் வழியிலேயே கரைந்துவிடும்.

இரண்டு பேருக்கும் எட்டு வருடப் பழக்கம். முந்தின முறை அவன் இறங்கியபோது அவனுடைய அம்மாவுக்கு ஆபரேஷன். அதற்கு முந்தின முறை வாண்டுவுக்கு அம்மை போட்டு முகமெல்லாம் புள்ளி. "இந்தத் தடவை வானமே இடிஞ்சு விழுந்தாலும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் கப்பல் ஏறுவேன்" என்று அவன் நடுக்கடலிலிருந்தே சொல்லியிருந்தான்.

வியாழக்கிழமை வந்து இறங்கினான். வெள்ளிக்கிழமை காலை இருவரும் பதிவு அலுவலகத்தில் நின்றார்கள். அங்கே இருந்த கிளார்க் நோட்டீசை வாங்கிப் படித்து, முத்திரை குத்தி, வாசல் பலகையில் ஒட்டினார். பிறகு மேசைக் காலண்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு பென்சிலால் தட்ட ஆரம்பித்தார்.

"பதினஞ்சு வேலை நாள் இந்த நோட்டீஸ் இங்க தொங்கணும். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லலாம். ஒட்டின நாள் கணக்குல வராது. சனி, ஞாயிறு வராது. நடுவுல அரசியல் சட்ட நாள் லீவு ஒண்ணு இருக்கு, அதுவும் வராது. ஆக, திங்கக்கிழமையோட பதினஞ்சு முடியுது. செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்குக் கல்யாணம் பண்ணிக்கலாம். சரியா?"

கப்பல்காரன் விரல் விட்டு எண்ணினான். வாண்டு மனதுக்குள் எண்ணினாள். இருவருக்கும் ஒரே விடைதான் வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவன் கப்பலில் இருக்க வேண்டும்.

"காலைல கல்யாணம், சாயங்காலம் கப்பலா?" என்றார் கிளார்க்.

"ஏழு மணி நேரம் இருக்கே சார்" என்றான் அவன், ஏதோ ஏழு மாதம் என்பதுபோல.

"இதைத் தவற விட்டுட்டா என்ன சார் ஆகும்?" என்று வாண்டு கேட்டாள்.

"நோட்டீஸ் மூணு மாசம்தான் செல்லும். அப்புறம் இவர் திரும்பி வந்து, மறுபடி ரெண்டு பேரும் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு, மறுபடி பதினஞ்சு வேலை நாள்."

இருவரும் தவற விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

வாண்டுவின் அம்மா தையல்காரி. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. செவ்வாய்க்கிழமை என்றதும், "நல்லதாப் போச்சு, அதுக்குள்ள உன் உடுப்பை முடிச்சிடுவேன்" என்றாள். அப்பா பஸ் கண்டக்டர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "செவ்வாய்க்கிழமை கால்பந்து இல்லையே?"

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் அடிக்கும் விசிலை வீட்டுக்கும் கொண்டு வந்து, நாட்டு அணி கோல் போடும்போதெல்லாம் தெருவே அதிர ஊதுகிறவர் அவர். நாட்டு அணி அவ்வளவு அடிக்கடி கோல் போடாது என்பதால் தெருக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். இந்த வருடம் என்ன காற்று அடித்ததோ, அந்த அணி ஒவ்வொரு படியாக ஏறியது. கால் இறுதி, அரை இறுதி என்று ஏறி, வாண்டுவின் நோட்டீஸ் பலகையில் தொங்கிக்கொண்டிருந்த மூன்றாவது வாரம், புதன்கிழமை, இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டது. அப்பா அன்று ஊதிய ஊதலில் பக்கத்து வீட்டு நாய் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலை கண்ணாடிக் கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நாட்டின் தலைவர் பேசினார். ஞாயிற்றுக்கிழமை நம் அணி ஜெயித்தால் திங்கட்கிழமை நாடு முழுக்கப் பொது விடுமுறை என்றார். கடையில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி மட்டும் முகத்தைச் சுளித்தார். வாண்டுவும் கைதட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் கை நின்றது.

திங்கட்கிழமை விடுமுறை என்றால் அது வேலை நாள் இல்லை. வேலை நாள் இல்லை என்றால் பதினைந்தாவது நாள் செவ்வாய்க்கிழமை. கல்யாணம் புதன்கிழமை. புதன்கிழமை மாப்பிள்ளை நடுக்கடலில்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அவள் விஷயத்தைச் சொன்னாள். கப்பல்காரனும் இருந்தான். அப்பா தண்ணீர் டம்ளரை வாய்க்குக் கொண்டு போனவர் அப்படியே நிறுத்தினார்.

"அப்ப, தோத்தா?"

"தோத்தா திங்கக்கிழமை வேலை நாள்ப்பா. செவ்வாய்க்கிழமை கல்யாணம்."

"நம்ம டீம் ஃபைனலுக்கு வந்து நான் பாத்ததே இல்ல. நான் பொறந்ததுல இருந்து காத்திருக்கேன்."

"நான் எட்டு வருஷமாக் காத்திருக்கேன்."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆளாளுக்குக் காத்திருந்தது போதும், சாப்பிடுங்க. ஆறிப் போகுது."

"மாமா, நீங்க மனசைக் கஷ்டப்படுத்திக்காதீங்க. நீங்க விசில் அடிக்கிறதாலயா அவங்க ஜெயிக்கப் போறாங்க?" என்றான் கப்பல்காரன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அப்பாவுக்கு அதில் பெரிய நம்பிக்கை இருந்தது. அவர் வெகுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை முடியறவரைக்கும் இது உன்கிட்ட இருக்கட்டும். எதிராவும் ஊத மாட்டேன், ஆதரவாவும் ஊத மாட்டேன். பெத்தவனால இவ்வளவுதான் முடியும்."

அம்மா விசிலை ஊசி நூல் டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

தெருவில் பெரிய டிவி அவர்கள் வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. எல்லோரும் சத்தம் போட்டார்கள், வீட்டுக்காரர்கள் தவிர. அப்பா நாற்காலியில் தேர்வு எழுதப் போகும் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். "என்ன அண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று ஆளுக்கு ஒரு முறை கேட்டார்கள். கப்பல்காரன் வாசலருகே நின்றுகொண்டு மாடிப்படியைப் பார்த்தான், ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

முதல் கோலை எதிரணி போட்டது. கூடமே 'ஐயோ' என்றது. சமையலறை வாசலில் நின்றிருந்த வாண்டு, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்த ஒரு பக்கத்து வீட்டு அக்கா, "அழாதம்மா, இன்னும் நேரம் இருக்கு" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பாவி அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு நம் அணி ஒன்று போட்டு சமன் செய்தது. அப்பாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், வெறும் பையைத் தடவிவிட்டுத் திரும்பியது. அதற்கு மேல் அவரால் உட்கார முடியவில்லை, எழுந்து நின்றார். நிற்கவும் முடியவில்லை, உட்கார்ந்தார்.

கடைசி நிமிடம். மொட்டைத் தலை ஆட்டக்காரன் ஒருவன், அதுவரை பந்தை நான்கு முறை கோட்டைவிட்டவன், இடது ஓரத்திலிருந்து ஓடினான். ஒருவனைத் தாண்டினான். இன்னொருவனையும் தாண்டினான். உதைத்தான். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது.

அந்தக் கூடத்தில் முதலில் குதித்தது வாண்டுதான். "கோல்!" என்று அவள் போட்ட கூச்சலுக்குப் பிறகுதான் மற்றவர்கள் கூச்சல் வந்தது. ஓடிப் போய் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அப்பா அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. அப்பா மெதுவாக அவளைக் கீழே இறக்கிவிட்டார்.

"நீ ஏன் குதிச்ச?" என்றான் கப்பல்காரன், பக்கத்தில் வந்து.

"தெரியல. காலு தானாக் குதிச்சிருச்சு."

"நானும்தான் குதிச்சேன்" என்று ஒப்புக்கொண்டான் அவன். வெளியே வெடிச் சத்தமும் வண்டி ஹாரனும் காதைப் பிளந்தன. வாண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சமையலறைக்குள் போய் இரண்டையும் செய்தாள்.

அம்மா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். "அழறதுக்கு நாளைக்கு முழு நாள் லீவு இருக்கு. இப்ப என் போனைத் தேடு."

"யாருக்கும்மா?"

"பதிவு ஆபீஸ்ல அந்தக் கிளார்க்குக்கு மேல இருக்கற பதிவாளர் அம்மாவுக்கு. போன மாசம்தான் அவங்களுக்கு ஒரு கோட் தச்சுக் கொடுத்தேன். நல்லாப் பொருந்தியிருக்குன்னு சொன்னாங்க. நம்ம மேல நல்ல எண்ணத்தோட இருப்பாங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். பதிவாளர் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும், ஏதோ ஒரு புத்தகத்தின் தாள்களைப் புரட்டும் சத்தம் வந்தது.

"விதியில என்ன இருக்குன்னா, வேலை நாள்னா அலுவலகம் பொதுமக்களுக்காகத் திறந்திருக்கற நாள். அவ்வளவுதான். விடுமுறைல திறக்கணும்னு என்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. திறக்கக் கூடாதுன்னும் எங்கயும் எழுதல."

வாண்டு போனுக்குக் கிட்டே குனிந்தாள்.

"மேடம், அப்படின்னா..." என்றாள் வாண்டு.

"நான் வரேன்மா. உண்மையைச் சொல்லணும்னா எனக்கும் நல்லதுதான். எங்க வீட்டு பால்கனிக்குக் கீழதான் நாளைக்கு ஊர்வலம். வீட்டுக்காரரோட சொந்தக்காரங்க பதினெட்டுப் பேர் பாக்க வராங்களாம். ஆனா ஒண்ணு, நான் ஒருத்தி திறந்தா செல்லாது. ரெண்டு பேர் இருக்கணும். கிளார்க்கை நீங்கதான் பிடிக்கணும். நான் போன் பண்ணினா அவர் இன்னைக்கு எடுக்கவே மாட்டார்."

அப்பாவும் கப்பல்காரனும் கிளார்க்கைத் தேடித் தெருவில் இறங்கினார்கள். கூட்டம் முட்டி மோதியது. யார் யாரோ கட்டிப்பிடித்தார்கள், யாரோ கப்பல்காரன் கன்னத்தில் கொடி வரைந்துவிட்டார்கள். பெரிய சந்திப்பில் ஒரு வேனின் கூரைமேல் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டிருந்த ஆளைக் கப்பல்காரன்தான் அடையாளம் கண்டு அப்பாவுக்குக் காட்டினான். பென்சிலால் காலண்டரைத் தட்டிய அதே கிளார்க். முகம் முழுக்கச் சாயம், தொண்டை பாதி போயிருந்தது.

"தம்பி, கொஞ்சம் கீழ இறங்குங்க!"

"நீங்க மேல வாங்க அண்ணே!"

அப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை. ஐம்பத்தாறு வயதில் மருமகன் தோளில் கால் வைத்து வேன் மேல் ஏறினார். கீழே ஆயிரம் பேர் ஆட, மேலே நின்று காதோடு காதாக நிலைமையை விளக்கினார்.

"நாளைக்கா?" கிளார்க் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். "அண்ணே, இது சும்மா வந்த லீவு இல்ல. நம்ம பசங்க ஓடி ஓடி வாங்கிக் கொடுத்த லீவு. கோப்பையோட ஊர்வலம் வராங்க. நான் ஆபீஸ்ல உக்காந்து சுவரைப் பாக்கவா?"

"எனக்குப் புரியாதா தம்பி? நான் அந்தக் கோலுக்கு விசில்கூட ஊதல. ஃபைனல்ல, கடைசி நிமிஷத்துல! பொண்ணுக்காக."

கிளார்க் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கால்பந்து ரசிகனுக்கு இன்னொருவனின் துக்கம் தெரியாமல் போகாது.

"ஊர்வலம் டிவில காட்டுவாங்க. ஆனா எங்க ஆபீஸ்ல டிவி இல்லையே" என்றார் குரல் இறங்கி.

"டிவிதானே? நான் கொண்டு வரேன்."

திங்கட்கிழமை காலை பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. அப்பாவும் கப்பல்காரனும் கூடத்து டிவியைப் போர்வையில் சுற்றி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, கொண்டாடும் தெருக்கள் வழியாக நடந்தார்கள். நோயாளியைத் தூக்கிப் போகிறார்கள் என்று நினைத்துக் கூட்டம் வழிவிட்டது.

பதிவாளர் சரியாக ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்து, புதுக் கோட்டுடன் மேசையில் உட்கார்ந்து, எத்தனையோ மாதமாகக் கிடந்த கோப்புகளை நிம்மதியாகப் பார்க்க ஆரம்பித்தார். கிளார்க் டிவிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். வாண்டு பலகையில் தொங்கும் நோட்டீசுக்குப் பக்கத்திலேயே காவல் நின்றாள், காற்று தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்பதுபோல.

"மேடம், பொதுமக்கள் யாரும் வரலைன்னா?"

"கதவு திறந்திருந்தா போதும்மா. உள்ள வரதும் வராததும் அவங்க இஷ்டம்."

ஆனால் டிவிச் சத்தம் வெளியே கேட்டதும் பொதுமக்கள் தாங்களாகவே வந்தார்கள். முதலில் தண்ணீர் குடிக்க இரண்டு பேர். பிறகு கால் வலிக்கிறது என்று ஒரு குடும்பம். பதினோரு மணிக்குள் பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. அம்மா வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

நடுவில் ஒரு இளைஞன் தயங்கித் தயங்கி மேசையருகே வந்தான். கண்ணில் இரண்டு நாள் தூக்கம் பாக்கி இருந்தது. "மேடம், திறந்திருக்கறதைப் பாத்தேன். நேத்து எனக்குக் குழந்தை பொறந்துச்சு. பேர் பதிய முடியுமா?"

"தாராளமா. என்ன பேர்?"

நம் அணியின் கோல்கீப்பர் பெயரைச் சொன்னான். பதிவாளர் எழுதப் போனவர், "ஆண் குழந்தையா?" என்றார்.

"இல்ல மேடம், பொண்ணு."

பேனா நின்றது. "குழந்தையோட அம்மாவுக்கு இந்தப் பேர் தெரியுமா?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டே வெளியே போனான். ஒரு மணி நேரம் கழித்து வேறு பெயரோடும் மனைவியின் கையெழுத்தோடும் திரும்பி வந்தான். அந்தப் பெயரில் கால்பந்தின் வாசனையே இல்லை. கிளார்க் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே முத்திரை குத்தினார்.

ஐந்து மணிக்குப் பதிவாளர் நோட்டீசைப் பலகையிலிருந்து கழற்றி, "ஆட்சேபணை எதுவும் வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாண்டு முழு நாளில் முதல் முறையாக உட்கார்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே தன் ஆபரேஷன் கதையைப் பதிவாளரிடம் சொன்னாள். கிளார்க்குக்குத் தொண்டை முழுதாகப் போய்விட்டதால், வாசிக்க வேண்டியதைக் கிசுகிசுத்தார். உறுதிமொழி ரகசியம்போலக் கேட்டது. காதுக்குப் பின்னால் இன்னும் சாயம் இருந்தது. வாண்டு கையெழுத்துப் போட்டாள், அவன் போட்டான், அப்பாவும் அம்மாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அம்மா எதுவும் சொல்லாமல் விசிலை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் ஊதியதில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. பதிவாளர் காதைப் பொத்திக்கொண்டே வாழ்த்தினார்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் போன் அடித்தது. கப்பல் கம்பெனி ஏஜென்ட். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், முகம் விநோதமாக மாறியது.

"என்ன?" என்றாள் வாண்டு.

"நேத்து துறைமுகத்துலயும் லீவாம். சரக்கு ஏத்தவே இல்லையாம். கப்பல் நாளைக்குச் சாயங்காலம்தானாம்."

எல்லோர் தலைக்குள்ளும் ஒரே கணக்கு ஓடியது. நேற்று வீட்டிலேயே இருந்திருந்தாலும் புதன்கிழமை காலை கல்யாணம் நடந்திருக்கும். மாலையில் கப்பல் ஏறியிருக்கலாம்.

"அப்ப நான் நேத்து வந்தது..." என்று கிசுகிசுத்தார் கிளார்க்.

"ஊருக்கே லீவுன்னா துறைமுகத்துக்கும் லீவுதானே! இது எப்படிய்யா நம்ம யாருக்கும் தோணல?" அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவு தூரம் டிவி தூக்கிய தோள் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது அவருக்கு.

"எனக்கு நேத்து ரொம்ப நல்ல நாள். பதினெட்டுப் பேரும் வந்துட்டுப் போயிட்டாங்க" என்றார் பதிவாளர்.

ஆக, ஏழு மணி நேரம் என்று வைத்திருந்த தாம்பத்தியத்துக்கு ஒரு முழு நாள் கூடுதலாகக் கிடைத்தது. கிடைத்த வேகத்திலேயே ஒரு சிக்கலும் வந்தது. வாண்டு செவ்வாய்க்கிழமைக்கு மட்டும்தான் லீவு சொல்லியிருந்தாள். போனில் முதலாளி தெளிவாகச் சொன்னார்: "திங்கக்கிழமை அரசாங்கத்துக்காக மூடினேன், செவ்வாய்க்கிழமை உனக்காக விட்டேன். புதன்கிழமை கடைக்காக வாம்மா. எட்டுக் கண்ணாடி நிக்குது."

புதன்கிழமை அவள் கடைக்குப் போனாள். புது மாப்பிள்ளையும் கூடவே போனான். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் லென்ஸ் தேய்ப்பதைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு வருடத்தில் அவள் வேலை செய்வதை அவன் பார்த்ததே இல்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் லென்ஸைச் சக்கரத்தில் வைப்பதையும், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதையும், மறுபடி வைப்பதையும் பார்த்தான். யாராவது வந்தால் எழுந்து இடம் கொடுத்தான், போனதும் மறுபடி உட்கார்ந்தான்.

"தம்பி, கண்ணு டெஸ்ட் பண்ணணுமா?" என்று முதலாளி மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"இல்ல சார். நல்லாத் தெரியுது."

மூன்றரை மணிக்கு எட்டாவது கண்ணாடியையும் முடித்து வைத்துவிட்டு வாண்டு கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இருவரும் துறைமுகம் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள்.